தேர்க்கூட்டத்தில் என் காதில் விழுந்த சொல்

ஓசூர் பக்கம் மத்திகிரியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் தினமும் காலையில் குழாயடிச் சண்டை மூன்று மொழியில் நடக்கும். யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று புரியாமலே நான் என் குடத்தை நகர்த்திக்கொள்வேன். ஊரில் இருப்பவர்கள் சிரிக்காதீர்கள். சாத்தான்குளத்திலிருந்து ஓசூருக்கு வர பாஸ்போர்ட் வேண்டாம், இதுவும் தமிழ்நாடுதான். அதனாலேயே எனக்கு வீம்பு. நம் மாநிலத்தில் நான் எதற்குக் கன்னடம் கற்க வேண்டும் என்று எட்டு மாதமாக ஒரு சொல்லும் காதில் ஏற்றாமல் இருந்தேன். என் மகள் யாழினிக்கு நான்கு வயது. அவள் பாதி நாள் பக்கத்து வீட்டு ரத்னம்மாவிடம்தான் கிடப்பாள். அங்கே என்ன பாஷை பேசுகிறாள் என்று நான் கேட்டதில்லை.

மலைக்கோயில் தேரன்று கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட். ரத்னம்மாதான் எங்களைத் தேர்ப்பேட்டைக்குக் கூட்டிப்போனாள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜனமெல்லாம் வந்திருந்தது. தேர் அசைந்ததும் சுற்றி நின்றவர்கள் வாழைப்பழத்தை அதன்மேல் வீச ஆரம்பித்தார்கள். சாமி தேரில் பழத்தை எறிவதா? எங்கள் பக்கம் செய்தால் முதுகுத்தோலை உரித்துவிடுவார்கள். ரத்னம்மா என் கையில் ஒரு பழத்தைத் திணித்தாள். "வேண்டிக்கினு எறிங்கக்கா, சும்மா எறிங்க!" எறிவதற்காக வலது கையை விடுவித்தேன். அந்தக் கையைத்தான் யாழினி பிடித்திருந்தாள்.

பழம் தேர்க்காலில் பட்டு விழுந்தது. திரும்பினால் பிள்ளையைக் காணோம். ரத்னம்மாவையும் கூட்டம் தள்ளிக்கொண்டு போயிருந்தது.

எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவில் நானும் சின்ன வயதில் தொலைந்திருக்கிறேன். "ஏட்டி, நீ தையல்கார முருகன் மவதான?" என்று ஐந்து பேர் கேட்டு, அரை மணி நேரத்தில் அப்பாவிடம் கொண்டுவிட்டார்கள். இங்கே இவள் யார் மகள் என்று எவருக்குத் தெரியும்?

வளையல் கடை ஒன்றில் நின்று, "மஞ்சக் கவுனு போட்ட பாப்பா வந்தாளாம்மா?" என்று கத்தினேன். கடைக்காரம்மா இரு கையாலும் ஒரு பெண்ணுக்கு வளையல் ஏற்றிக்கொண்டே தலையை ஆட்டினாள். "இல்லி, இல்லி!" இல்லையென்றால் இல்லை. ஓடினேன். எனக்குப் பின்னாலிருந்து அவள் ஏதோ கத்தினாள். கடையை மறைத்ததற்குத் திட்டுகிறாள் என நினைத்தேன்.

கால்கள் குளத்தங்கரையில் போய் நின்றன. தண்ணீரில் மஞ்சளாக என்னவோ மிதந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. வாழைப்பழத் தோல். படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எந்தப் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

என்னைத் தேடிக்கொண்டு ரத்னம்மா மூச்சிரைக்க வந்தாள். "யார்கிட்டயாச்சும் கேட்டீங்களாக்கா?"

"வளையல் கடையில கேட்டேன். இல்லே இல்லேன்னு ரெண்டு தடவ சொல்லிட்டா."

"இல்லேன்னா சொன்னாங்க? இல்லின்னா?"

"ரெண்டுக்கும் என்ன எழவு வித்தியாசம்?"

"ஐயோ அக்கா! கன்னடத்துல இல்லின்னா இங்கன்னு அர்த்தம்!"

அந்த ஓட்டத்தில் எத்தனை பேரை இடித்தேனோ தெரியாது. இல்லி, இல்லி என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பிள்ளை இன்னும் அங்கே இருப்பாளா? இந்நேரம் என்னைத் தேடிக் கிளம்பியிருந்தால்?

தார்ப்பாய்க்கு அடியில், வளையல் பெட்டிகளுக்கு நடுவே இருந்தாள். கீழே பொறுக்கிய பழம் ஒன்று கையில் நசுங்கியிருந்தது. நான் செய்த முதல் காரியம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவள் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகுதான் வாரி அணைக்கப் போனேன். அவள் நழுவிப்போய் அந்தக் கன்னடக்காரம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"நான் இல்லிதான இருந்தேன்! கூப்டக் கூப்ட நீ ஏம்மா ஓடுன?"

எனக்குப் பின்னால் வந்த கடைக்காரம்மாவின் அந்தக் கத்தலில் என் மகளின் குரலும் இருந்திருக்கிறது. அவளும் 'இல்லி' என்றுதான் கத்தியிருக்கிறாள்; நான் காத்திருந்தது "அம்மா, இங்க" என்ற குரலுக்கு. கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு யாழினி ஒரு கையை என்னிடம் தந்தாள். இன்னொரு கை அந்தச் சேலையை விடவில்லை.