தீவு வீட்டில் தலைக்கணக்கு

வீட்டு புரோக்கர் வேலையில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எந்த மாதத்தில் வீட்டைக் காட்டுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

வாடகை வீட்டில் காலம் தள்ளும் சக பாவிகளே, நானும் உங்கள் ஜாதிதான். மூலக்குளத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறேன். சுவரில் ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார் என்பதால் காலண்டர் கதவுக் கொக்கியில் தொங்குகிறது. இந்த லட்சணத்தில், வில்லியனூர் பக்கம் ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுப்பவள் நான்தான். புரோக்கர் அக்கா என்று கேட்டால் ஆட்டோ ஸ்டாண்டில் வழி சொல்வார்கள். நான் ஆள் வைத்த வீடுகளிலேயே என் பிராணனை அதிகம் வாங்கியது ஒதியம்பட்டில் இருக்கும் ஒரு சின்ன அபார்ட்மெண்ட். அங்கே பட்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

தீவு

மூன்று பக்கம் நெல் வயல், முன்பக்கம் வாய்க்கால், அதன் மேல் ஒரு சின்னப் பாலம். நடுவில் அந்தக் கட்டடம். ஓனர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் சொல்தா என்போம். பாட்டன் நிலத்தில் கட்டி, மேல் மாடியில் தான் இருந்துகொண்டு, கீழே மூன்று வீட்டை வாடகைக்கு விட்டார். எங்கோ வெளிநாட்டில் கடலுக்கு நடுவே ஒரு தீவைப் பார்த்த ஞாபகத்தில் 'ஐலேண்ட்' என்று நீல விளக்கு போர்டும் மாட்டினார். நான் பங்குனியில் கூட்டிப்போய்க் காட்டுவேன். காற்று பிய்த்துக்கொண்டு போகும். வந்தவர்கள் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள்.

ஐப்பசியில் வாய்க்கால் பொங்கி வயலோடு சேர்ந்துகொள்ளும். பாலம் எங்கே இருக்கிறது என்று குத்துமதிப்பாகத்தான் நடக்க வேண்டும். முதலில் குடிவந்த அஞ்சலை அக்கா பாகூர்ப் பக்கத்துக் குப்பத்து ஆள். மொபெட்டில் மீன் விற்பவர். கடல் அரிப்புக்குப் பயந்தும் மகள் படிப்புக்காகவும் வில்லியனூர் பக்கம் வந்தார். முதல் மழைக்கே முழங்கால் தண்ணீரில் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். போர்டிலேயே ஐலேண்ட் என்றுதானே போட்டிருக்கிறது என்று நான் சமாளித்துப் பார்த்தேன்.

"கடல் ஏறுதுன்னுதான் குப்பத்த வுட்டு வந்தேன். நீ இன்னாடி, நடுக்கடல்ல வூடு புடிச்சுக் குடுத்துகீற?"

ஓடும் மீட்டர்

இரண்டாவது வீட்டில் கபூர் பாய். வில்லியனூர் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி சப்-மீட்டர். பாய் வீட்டு மீட்டர் மட்டும் பந்தயத்துக்குப் போவது போல ஓடியது. பாய் ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தார், ஃபேனைக் குறைத்துப் பார்த்தார், மனைவியிடம் மிக்ஸிக்குப் பதில் அம்மி என்று சொல்லி வாங்கியும் கட்டிக்கொண்டார். கடைசியில் எல்லாவற்றையும் அணைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு நாகூர் போனார். திரும்பி வந்து பார்த்தால் மீட்டரும் கூடவே யாத்திரை போய் வந்திருந்தது.

வாடகை வீட்டில் பல்லி செத்தாலும் புரோக்கருக்குத்தான் போன் வரும். எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். வயரைப் பிடித்துக்கொண்டே போனால் கேட் விளக்கு, மாடிப்படி விளக்கு, அந்த நீல 'ஐலேண்ட்' போர்டு எல்லாமே பாய் வீட்டு லைனில் இருந்து எரிகின்றன. சொல்தா ஐயா திருட்டுத்தனம் செய்கிறவர் இல்லை. ஒயரிங் போட்டவனைத் திட்டித் தீர்த்துவிட்டு அன்றே மாற்றச் சொன்னார். பாய் கோபப்படுவார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் போர்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி நாளா தீவுக்கே நான்தான் வெளக்கு புடிச்சிருக்கேன். அந்த போர்டு ஓரத்துல என் கடைப் பேரையும் சேத்துப் போடச் சொல்லுங்க."

மீன் வாங்க வந்தவர்

கேட்டில் இன்னொரு தகடும் உண்டு. 'செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.' நாய், பூனை, கிளி, மீன் தொட்டி எதுவும் கூடாது என்பது சொல்தா ஐயாவின் சட்டம். அப்படி இருக்க, அஞ்சலை அக்கா வாசலில் ஒரு சாம்பல் நிறப் பூனை காலை மாலை இரண்டு வேளையும் ஆஜர். கேட்டால் எங்களுடையது இல்லை என்பார். ஆனால் அதற்குத் தனித் தட்டு இருந்தது.

ஒருநாள் ஐயா என்னை வரவழைத்து, கையும் களவுமாகப் பிடிப்பதற்காகக் கீழே இறங்கினார். பூனை தட்டில் இருந்த சங்கரா மீன் தலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. இது யாருடைய பூனை என்று கர்ஜித்தார். அஞ்சலை அக்கா செதில் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"எனக்கு இன்னா தெரியும்? மீன் வாங்க வர்றவங்கள்லாம் என் சொந்தக்காரங்களா?"

தலை நிற்காத தலை

கரண்டுக்குத் தனி மீட்டர் இருந்தாலும் தண்ணீர் மோட்டார் எல்லாருக்கும் பொது. அந்த பில்லை ஐயா வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்தார். பாய் வீட்டில் ஆள் அதிகம், எங்கள் வீட்டில் யார் குளிக்கிறார்கள் என்று அஞ்சலை அக்கா சண்டைக்கு நின்றார். யோசித்து யோசித்து ஐயா ஒரு தீர்ப்பு சொன்னார். இனிமேல் மோட்டார் காசு தலைக்கு இவ்வளவு. யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தலை எண்ணக் கிளம்பினார். ஓட்டு கேட்கப் போனால்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். அஞ்சலை அக்கா, புருஷன் படகிலேயே இருக்கிறார், அவர் குளிப்பது கடலில் என்று ஒரு தலையைக் கழித்துக்கொண்டார். பாய் வீட்டில் பிறந்து சில வாரமே ஆன குழந்தையையும் ஐயா எண்ணிவிட்டார். பாய் குழந்தையை ஒரு கையில் ஏந்தி, இன்னொரு கையால் அதன் பிடரியைத் தாங்கியபடி வெளியே கொண்டுவந்து காட்டினார்.

"தலையே இன்னும் நிக்கல ஐயா இதுக்கு. அதுக்குள்ள இன்னா தலைக்கணக்கு?"

பாபு

மூன்றாவது வீடு வெகுநாள் காலியாக இருந்தது. திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் செல்வி போன் செய்தாள். "நானும் பாபுவும் மட்டும்தாங்க்கா. பாபு ரொம்ப அமைதி" என்றாள். நான் தம்பி என்று நினைத்து, அக்கா தம்பி இரண்டு தலை என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் சந்தோஷமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். குடிவந்த அன்று ஐயா டவுனுக்குப் போயிருந்தார். குட்டியானை வண்டியில் இருந்து கட்டில் இறங்கியது, சிலிண்டர் இறங்கியது, பிறகு செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய் குதித்து இறங்கி என் புடவையை முகர்ந்து பார்த்தது.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் அவளை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீடுவரை விளக்கே இல்லாத வயல் பாதை. பாபு ஸ்டாப்பில் காத்திருந்து அவளைக் கூட்டிவருவான். முன்பிருந்த வீட்டிலும் இப்படித்தான். அங்கே சங்கிலியில் கட்டிப்போட்டால் இருக்கலாம் என்றார்களாம். "கட்டிட்டா என்னைக் கூட்டியார யாருக்கா வருவா?" என்றாள். ஐயாவுக்குத் தெரிந்தால் அவளுக்கு வீடு போகும், எனக்கு இந்தக் கட்டடமே போகும். குரைக்காமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

"அவன் சும்மா கொலைக்க மாட்டாங்க்கா. சம்பளத்தன்னிக்கு மட்டும் சத்தம் போடுவான், கறி எடுப்பேன்ல."

டிக்கெட்

தம்பி கண்ணிலேயே படவில்லையே என்று ஐயா அவ்வப்போது கேட்பார். தூங்குகிறான் என்பாள் செல்வி. அது பொய்யும் இல்லை. மாதா மாதம் இரண்டு தலைக்கும் மோட்டார் காசு சரியாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஐப்பசி வந்தது, தீவு தீவானது. அஞ்சலை அக்கா போனில் திட்டிய திட்டு தாங்காமல் நானே தண்ணீரில் இறங்கிப் போனேன். கீழ்ப்படி வரைக்கும் தண்ணீர். எல்லாரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுப்படியில் பாபுவும் உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஐயா குடையோடு இறங்கினார். "இது யாரு நாய்?" என்றார். "மீன் வாங்க வந்துருக்கும்" என்றார் அஞ்சலை அக்கா. செல்வி எழுந்து நின்று, "இவன்தான் பாபு ஐயா" என்றாள்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "உனுக்கு இனிமே இங்க வேல இல்ல" என்று என்னிடம் சொன்னார். செல்வியிடம், "தண்ணி வடிஞ்சதும் நாய் வெளிய போவணும். இல்லன்னா நீயும் சேந்து போ" என்றார். செல்வியின் கண் கலங்கிவிட்டது. பாபுவின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள். "சரிங்க ஐயா. அப்ப பாபு பேர்ல வாங்குன மோட்டார் காசத் திருப்பிக் குடுத்துருங்க." வாங்கிய காசைத் திருப்பித் தருவது என்றால் ஐயாவுக்கு உயிரே போய்விடும். "எதுக்குத் தரணும்? குளிச்சானா இல்லியா? பிரான்சுல நாய்க்கும் ரயில்ல டிக்கெட் எடுக்கணும், தெரியுமா?" என்று குதித்தார். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டிக்கெட் எடுத்தவன அங்க நடுவழியில எறக்கி வுடுவாங்களா ஐயா?"

இரண்டு தலை

ஐயா குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். தண்ணீர் வடிந்தது. காலி செய் என்று மேலே இருந்து ஆள் வருமோ என்று செல்வி சாமான்களைப் பாதி கட்டியும் கட்டாமலும் வைத்திருந்தாள். மாதம் பிறந்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் ஐயாவின் குரல் வந்தது. மோட்டார் கணக்கு. பாய் வீடு இத்தனை, அஞ்சலை வீடு இத்தனை. பிறகு ஒரு இருமல். "செல்வி வூடு, ரெண்டு தல." அதை அவள் எனக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். நானும் சலிக்காமல் கேட்டேன்.

கேட்டில் தகடு அப்படியேதான் இருக்கிறது. அஞ்சலை அக்காவின் பூனை இன்னமும் சொந்தக்காரர் இல்லாமல், மோட்டார் காசும் கட்டாமல் வந்துபோகிறது. எனக்கு வேலை இல்லை என்று சொன்ன ஐயா, போன வாரம் அவசரமாக என்னைப் போனில் கூப்பிட்டார். செல்வியைக் காலி செய்யச் சொல்லிவிட்டாரோ என்று பதறிப் போய் எடுத்தேன்.

"அந்தப் பொண்ணு பத்து நாளா பாபுவக் குளிப்பாட்டல. காசு வாங்கிகினு சும்மா இருக்க எனக்கு ஒரு மாதிரியா கீது, வந்து இன்னான்னு கேளு."

ஆகவே சக பாவிகளே, அடுத்த முறை வீடு பார்க்கப் போனால் நாய்க்கு அனுமதி உண்டா என்று வாயைக் கொடுக்காதீர்கள், மோட்டார் காசு தலைக்கு எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.