நான்கு டப்பா நீலம்

என் சித்தி பதினோரு வருடமாக ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறாள். அவள் மேசைமேல் அளவுக் குவளைகள், துடைத்துத் துடைத்து நிறமே தெரியாமல் போன ஒரு துணி, ஒரு பெட்டி நிறைய அட்டைகள். ஒரு கேலன் வெள்ளைக்கு எந்தச் சாயம் எத்தனை அவுன்ஸ் என்று அட்டையில் இருக்கும். எல்லாம் அமெரிக்க அளவு.

மூன்று மாதத்துக்கு முன் கேலன் டப்பா நின்றுபோய் நான்கு லிட்டர் டப்பா வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கேலன் என்பது 3.785 லிட்டர்; புதியதில் இருநூறு மில்லிக்குமேல் கூடுதல். அதைக் கவனிக்காமல் சித்தி பழையபடி இரண்டு அவுன்ஸ், அதாவது ஐம்பத்தொன்பது மில்லி சாயம் ஊற்றி, ஒரு பல் மருத்துவமனைக்கு நான்கு டப்பா நீலம் கொடுத்துவிட்டாள். ஐந்தாவதைத் திறக்கும்போதுதான் மூடியில் இருந்த எழுத்து கண்ணில் பட்டது. கணக்குப் போட்டு அதில் மட்டும் அறுபத்திரண்டரை மில்லி ஊற்றிக் கொடுத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்னொரு புகார் வந்தால் கலக்கும் மிஷினை வாங்கிவிட்டு, அவளைப் பில் போட உட்காரவைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையிலேயே பெயிண்டர் டப்பாவும் கையுமாக வந்து நின்றார். வெயில் பட்டால் ஜன்னலோரம் தனியாகக் கறுத்துத் தெரிகிறதாம். உனக்குக் கண் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டுவிட்டாராம். வெள்ளை சரியில்லை என்று கம்பெனி தலையில் கட்டிவிடலாம் என முதலாளியே வழி சொன்னார். சித்தி துணியை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"அஞ்சாவதுதாண்ணே சரி. மொத நாலும் என் தப்பு."

காரணத்தையும் சொன்னாள். முதலாளி வாயைத் திறக்குமுன் பெயிண்டர் முந்திக்கொண்டார்.

"சரியானத வச்சிக்கிட்டு நான் என்னக்கா பண்றது? அந்தத் தப்பையே இன்னொரு டப்பா போட்டுக் குடுங்க."

சித்தி ஒரு சொட்டுக் கூடாமல் ஐம்பத்தொன்பதே ஊற்றினாள். ஜன்னலோரம் எதுவென்று தனக்கே தெரியவில்லை என்று மத்தியானம் பெயிண்டர் ஃபோன் செய்தார்.

"மிஷினா இருந்தா சரியானதையே குடுத்துத் தொலைச்சிருக்கும்," என்று முதலாளி முனகினார். மிஷின் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எல்லா அட்டைகளையும் நான்கு லிட்டருக்கு, மில்லியில் மாற்றி எழுதச் சொன்னார்; அதுவரை மேசை அவளுடையது.

நூற்று நாற்பது அட்டை. ஞாயிற்றுக்கிழமை நான் பெருக்கிச் சொல்லச் சொல்ல சித்தி எழுதினாள். எழுதுமுன் ஒவ்வொன்றையும் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டாள்.