பச்சைப் போத்தல் பன்னிரண்டு

மணம் விற்கிற வேலைக்கு நல்ல மூக்கு வேண்டும் என்று நினைப்பீர்கள். உண்மையில் வேண்டியது, வாங்க வந்தவர் முகத்தைச் சுளிக்கும்போது நம் முகம் சுளிக்காமல் நிற்கிற பழக்கம். சேலைக் கடையிலும் சப்பாத்துக் கடையிலும் கால் கடுக்க நிற்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் ஓ.எல். பரீட்சை எழுதிப் படிப்பை விட்டவள். கணிதம் வரவில்லை, அவ்வளவுதான். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு அத்தர் கடையில் நிற்கிறேன். முதலாளி கிண்ணியாக்காரர், நானா என்று கூப்பிடுவேன். அம்மா கட்டாரில் வீட்டு வேலை. அப்பாவுக்கு சீனன்குடாவில் இரவுக் காவல். நான் சாம்பல்தீவு பஸ்ஸில் இறங்குகிற நேரம் அவர் போயிருப்பார். பின்னேரத்தில் எங்கள் வீட்டில் கதைக்கிறது ரேடியோ மட்டும்தான். கடையில் அப்படியில்லை. ஆட்கள் மணிக்கட்டை நீட்டுவார்கள், நான் ஒரு சொட்டு வைத்து, தேய்க்க வேண்டாம், வெளியே அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வாருங்கள் என்று சொல்வேன். ஒரு நாளில் என்னோடு யாராவது கதைப்பதும், என் விரல் இன்னொருவர் கையில் படுவதும் அந்த முன் மேசையில்தான். அதனால்தான் அது எனக்குப் பெரிய விஷயம்.

மூடி கழுவின வெள்ளிக்கிழமை

எங்கள் கடையில் எண்ணெய்கள் பெரிய மண்ணிறப் போத்தல்களில் இருக்கும். இலக்கம் எழுதியிருப்பது போத்தலில் இல்லை, மூடியில். ஒரு வெள்ளிக்கிழமை நானா ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரம், மூடிகள் பிசுபிசு என்று கிடக்கின்றனவே என்று எல்லாவற்றையும் கழற்றி ஒரே பேசினில் போட்டுக் கழுவினேன். கழுவி முடித்த பிறகுதான் விளங்கியது. எது எதற்கு என்று நினைவில் இருந்தபடி பூட்டிவிட்டு, வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்கு ரோசா மணத்தில் பன்னிரண்டு சின்னப் போத்தல் கலக்கச் சொன்னார். மூடியில் இருந்த இலக்கங்களைப் பார்த்துக் கலந்தேன். வந்தது ரோசா இல்லை. வெட்டிவேர், துளசி, கற்பூரவள்ளி, அதுக்குப் பின்னால் மிளகு மாதிரி ஒன்று. நிறமும் பச்சை. மூடி கழுவிய கதையைச் சொன்னேன். நானா ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயம். ஒவ்வொரு பெரிய போத்தலையும் மோந்து பார்த்து மூடிகளைச் சரியாக மாற்றிப் பூட்டினார். கல்யாண வீட்டுக்குத் தானே கலந்து அனுப்பினார். பச்சைக்கு 'ஆண் பெண் இருபாலாருக்கும்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். ஆருக்கு என்று அவருக்கே பிடிபடவில்லை. பிறகு சொன்னார்:

"இதக் கொட்டினா எனக்கு நட்டம், குடிச்சா ஒனக்கு நட்டம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் பன்னிரண்டையும் வித்துப்போடு, இல்லாட்டிப் பின்னுக்குப் போய்ப் போத்தல் கழுவு."

பின்னுக்கு என்றால் கடைக்குப் பின்னால் இருக்கிற அறை. யன்னல் இல்லை. ஆளும் இல்லை.

முறிவு எண்ணெய்

கலந்ததில் அடியில் மிஞ்சியதை மாதிரிக்கு என்று மேசையில் வைத்தேன். முதலில் பூசினவர் எதிரில் ஓட்டோ நிறுத்துகிற அண்ணை. அவருக்கு எதையும் இலவசமாகப் பூசிப் பார்க்கப் பிடிக்கும். காலையில் பூசிக்கொண்டு போனவர் மத்தியானம் வந்து கதவடியில் நின்றார். முதலில் ஏறிய கிழவர், முறிவு எண்ணெய் மணக்குது, எங்கே முறிந்தது தம்பி என்று விசாரித்துவிட்டு, வீடு வரைக்கும் தன்னுடைய முழங்கால் கதையைச் சொன்னாராம். அடுத்து ஏறிய ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ் ஒருவர், இது எங்கே வாங்கினது என்று கேட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நேராகக் கடைக்கே விடச் சொன்னாராம். அந்த மிஸ் அவருக்குப் பின்னால்தான் நின்றா. இரண்டு போத்தல் எடுத்தா. அண்ணைக்கு மட்டும் சந்தோசமில்லை.

"பிள்ளை, ஒரு ஆள் மருந்தெண்டுறார், மற்ற ஆள் இறங்கமாட்டன் எண்டுறா. இதைப் பூசிக்கொண்டு நான் எப்பிடி ஓட்டோ ஓடுறது?"

தம்பலகாமத்து இரண்டு பேர்

தம்பலகாமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் சொட்டு வைத்தேன். அவர், இது பொம்பிளையளின்ர மணம் என்றார். அந்த அக்கா, இது வயலுக்குப் போய்வந்த ஆம்பிளை மணம் என்றா. எனக்குப் பொய் சொல்ல வராது. எனக்கும் தெரியாது, நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். துறைமுக வீதியால் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்கள். வரும்போது அவர் அவவின் கையை மோந்து கொண்டும், அவ அவரின் கையை மோந்து கொண்டும் வந்தார்கள். தன் கையில் இருப்பது இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. மற்றவர் கையில் இருப்பது பிடித்துவிட்டது.

அவர்களைப் பார்த்துக்கொண்டு நான் என் மணிக்கட்டிலும் ஒரு சொட்டு வைத்து மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து நாற்பது மணத்துக்குள் நிற்கிறவளுக்குத் தன் கை மணக்காது. வேறு யாராவது மோந்து சொன்னால்தான் உண்டு. எத்தனை போத்தல் என்று சட்டென்று கேட்டேன்.

"ஒண்டு போதும் தங்கச்சி. அவர் பூசட்டும், நான் மோந்து பாக்கிறன்."

மானின் அபிப்பிராயம்

எங்கள் ஊரில் மான்கள் ரோட்டில் திரியும், தெரியும்தானே. கடை வாசலில் கிடக்கிற கடதாசி, வாழைப்பழத்தோல் எல்லாம் தின்னும். மணம் பார்த்து எறிகிற கடதாசித் துண்டுகளை மட்டும் திரும்பியும் பாராது. ஒரு நாள் பச்சை தோய்த்த துண்டு ஒன்று காற்றில் விழுந்தது. ஒரு பெட்டை மான் வந்து மோந்து, நக்கி, முழுவதையும் தின்றுவிட்டு, இன்னும் இருக்கா என்பது போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு முழுக்க ஒரு போத்தலும் போகவில்லை. அந்த மான் நின்றது எனக்குப் போதுமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானாவிடம் சொன்னேன்.

"நல்லது. அதுக்கிட்டக் காசு இரிக்கா எண்டு கேட்டியா?"

பக்கத்துக் கதிரைக்காரி

பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது நாலு போத்தல் மிச்சம். பள்ளிக்கூடம் விட்ட நேரம் ஐந்து பிள்ளைகள் கழுத்துப்பட்டியோடு வந்தார்கள். என் பழைய பள்ளிக்கூடம். அதில் தர்சினியும் ஒருத்தி. ஐந்து வருசம் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். என்னுடைய கணிதக் கொப்பியில் பாதி அவளுடைய எழுத்து. மற்ற நாலு பேரும் ஏ.எல். வகுப்புக்குப் புதிதாய் வந்தவர்கள். பச்சையை மோந்து ஒருத்தி கோயில் கிணறு என்றாள், ஒருத்தி இருமல் பாணி என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். தர்சினி சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். நான் சொட்டு வைத்தேன். அவள் மணிக்கட்டில் அதே பழைய சூட்டுத் தழும்பு.

அவளுக்கு என்னைத் தெரியும். தெரியாமல் இருக்க ஏலாது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் கையை மோந்து பார்த்துக்கொண்டு, நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அவளைவிட நான் மூன்று மாதம் இளையவள், இதை ஞாபகம் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

"நல்லாத்தான் இருக்கு. பிறகு வாறம் அக்கா."

ஏற்றுமதி

அவள் வரவில்லை. வேறு ஆட்கள் வந்து மூன்று போத்தல் போனது. பெருநாளுக்கு முதல் நாள் ஒன்று மிச்சம். கடை நிறைந்த சனம், எல்லாருக்கும் அகில் மணக்கிற ஊது, ரோசா, மல்லிகை. பச்சையை ஒருத்தரும் பார்க்கவில்லை. பூட்டுகிற நேரம் அதை நானே வாங்கினேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறா, அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் வித்துவிட்டேன் என்று நானாவுக்குப் பொய் சொல்ல மனமில்லை. பன்னிரண்டாவதை வாங்கினது நான்தான், அம்மாவுக்கு அனுப்பப் போறன், பெருநாள் முடியப் பின் அறைக்கே போறன் என்று சொல்லிவிட்டு நின்றேன். அவர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கட்டாருக்குச் சாமான் அனுப்புற ஆளப் பின்னுக்கு வச்சா, முன்னுக்கு ஆரு நிக்கிற?"

அம்மாவின் குரல்

மாமி போய் இரண்டு கிழமைக்குப் பிறகு அம்மா குரல் பதிவு அனுப்பினா. பஸ்ஸில் காதோடு வைத்துக் கேட்டேன். வழக்கமாகச் சாப்பிட்டியா, அப்பா சாப்பிட்டாரா என்றுதான் தொடங்குவா. அம்மா போய் நாலு வருசம். வீடியோவில் முகம் தெரியும், மணம் போகாது. எப்படி இருக்கிறது, பிடித்திருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தேன். பிடிக்காவிட்டாலும் பிடித்தது என்று சொல்லுவா என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டில் அம்மாவின் சோப், சீப்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாம் யாராவது எடுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தா, ஆனால் சிரிப்பு இருந்தது. மூன்று தரம் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

"மெடத்துக்கு இந்த மணம் கொஞ்சமும் பிடிக்கேல்லை மகள், பிள்ளையள் மூக்கைப் பொத்துதுகள். ஒருத்தரும் எடுக்கேல்லை, அப்பிடியே என்ர தலைமாட்டில கிடக்கு. இந்த வீட்டில எனக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான், முடிய முதல் இன்னொண்டு அனுப்பு."

பச்சை ஒரு சொட்டும் மிச்சமில்லை, மூடிகளோ எல்லாம் சரியான போத்தலில், அன்றைக்கு எது எதில் மாறிக் கிடந்தது என்று எனக்கும் தெரியாது, நானாவுக்கும் தெரியாது. அதனால் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நானா ஜும்மாவுக்குப் போக, முன் மேசையில் நின்று, அன்றைக்குச் செய்த பிழையை அப்படியே திரும்பச் செய்யப் பாடுபடுகிறேன், இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாக வைத்திருந்தால் நான் ஏன் படிப்பை விடப்போகிறேன்.