தசமிக்குக் காத்திருந்த கவர்

என் மனைவியின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். முடிவு ஒரு வெள்ளைக் கவரில் வந்தது. லேபில் அதை வாங்கிவந்த நான், பிரிக்காமலே முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். அன்று அஷ்டமி, மறுநாள் நவமி.

"தசமியன்னிக்குப் பிரிச்சுக்கலாம். எல்லாத்தையும் அவன் பாத்துப்பான்" என்றேன்.

பெரிய பக்திமான் மாதிரிதான் சொன்னேன். ஆவடித் தொழிற்சாலையில் என் வேலையே வார்ப்பு இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. மயிரிழை விரிசலைக்கூட விடாமல் பிடித்துத் திருப்பி அனுப்புகிறவன். ஒரு காகிதத்தைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

தசமி செவ்வாய்க்கிழமையில் வந்தது. செவ்வாயில் வேண்டாம் என்றேன். "முருகனுக்கு உகந்த நாளாச்சேய்யா" என்று அவள் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். புதன்கிழமைக்கு நாட்காட்டியில் கரிநாள் என்று போட்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு நிம்மதி.

புதன் காலை, சோறு வடித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் நேராகப் படத்துக்குப் பின்னால் கைவிட்டாள்.

"சாமிகிட்ட இருக்கறத எடுக்காதே!" என்று கத்தினேன்.

அவள் திருநின்றவூர்க்காரி. பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. "சாமிகிட்ட எங்கய்யா கீது? உன் பயத்துகிட்ட கீது. அவன நம்புறவன் இன்னாத்துக்குய்யா ஒளியணும்?"

கவரைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. படித்தேன். புற்றுநோய்தான். அழுதேன்.

அவள் சிறிது நேரம் படத்தின் முன்னால் கண்மூடி நின்றாள். பிறகு குங்குமம் இட்டுக்கொண்டாள். "அவனுக்கு மின்னாடியே தெரியும். இப்ப நமக்கும் தெரிஞ்சிடுச்சி. கெளம்பு, டாக்டராண்ட போலாம்."

முடிவு எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இன்னிக்குத்தான் சார்."

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். அவள் போன பிறகு அதே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று நாளில் எதுவும் மாறியிருக்காது என்று என் தோளைத் தட்டினார்.

மாறியிருக்காதுதான். ஆனால் அந்த மூன்று நாளும் அவளுக்கும் பயம் இருந்திருக்கும். கடவுளைக் காரணம் காட்டி நான் அவளை அந்தப் பயத்தோடு தனியாக விட்டிருந்தேன்.