தண்ணீர் வராத மாதத்தின் அட்டவணை: எஸ்தர் ராணி நினைவாக

செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தபோது, எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி கிடந்தது. வேதியியல் துறை உதவிப் பேராசிரியர் எஸ்தர் ராணி, கல்லூரிக்குக் கிளம்பி வரும்போது புதுவாயல் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு. நாற்பத்தாறு வயது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவில் அலுவலகத்திலிருந்து ஒரு நினைவூட்டல்: இந்த ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலை அனைவரும் மாலைக்குள் அனுப்ப வேண்டும். அதற்கும் ஒருவர் கும்பிட்டிருந்தார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. அதில் பாதி என்மேல்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒரு சோதனையின் அளவுகளை வரைபடமாகப் போட்டு அவரிடம் பெருமையாகக் காட்டினேன். புள்ளிகள் எல்லாம் ஸ்கேல் வைத்ததுபோல ஒரே கோட்டில் இருந்தன. எஸ்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இவ்ளோ நேரா கோடு வந்தா எனக்கு பயமா கீது சார். வாங்க, இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாம்." அன்று மாலை வரை குடுவைகளை அவரே கழுவிக் கழுவித் தந்தார். கோடு வளைந்தது. நான் கரைசலைத் தப்பாகத் தயாரித்திருந்தேன். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். கேண்டீனிலிருந்து போண்டா வரவழைத்தார்.

எங்கள் கல்லூரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளை ஒட்டி ஒரு காலனி இருக்கிறது. ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் அங்கிருந்து இப்போது ஷிப்டுக்குப் போகிறார்கள். காலனியின் போர்வெல் தண்ணீரில் காரீயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் எஸ்தர். எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று அவர் சொன்னதில்லை. அதை நிரூபிக்கும் அளவுக்குத் தன்னிடம் அளவுகள் இல்லை என்றார். இருப்பதை மட்டும் சொன்னார்.

அந்தக் கண்டுபிடிப்பை வைத்து எங்கள் துறைத் தலைவர் ஒரு திட்டம் எழுதினார். உமிச் சாம்பலைப் பக்குவப்படுத்தி அடைத்த ஒரு வடிகட்டி. ஆய்வகத்தில், காய்ச்சி வடித்த தண்ணீரில் காரீயத்தைக் கரைத்து ஊற்றியபோது அது நன்றாகவே வேலை செய்தது. காலனியின் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே ஒரு பெரிய நீல டிரம்மில் அதைப் பொருத்தி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்தோம். கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்தது. பெயர்கள் நான்கு: துறைத் தலைவர், அவருடைய ஆய்வு மாணவர், எஸ்தர், நான். அச்சான பிறகுதான் எஸ்தரும் நானும் அதை முழுதாகப் படித்தோம். எனக்கு ஏன் பெயர் வந்தது என்று நான் கேட்கவில்லை. பட்டியலில் ஒன்று கூடியது என்று சும்மா இருந்துவிட்டேன்.

எஸ்தர் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனார். கூட நானும் போனேன். தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பிலிருந்த கன்னியம்மாவிடம், தண்ணீர் மாதிரி எடுத்ததாகக் கட்டுரையின் அட்டவணையில் இருந்த மாதத்தைச் சொல்லி, எங்கள் மாணவர் எந்தெந்த நாளில் வந்து தண்ணீர் பிடித்துப்போனார் என்று கேட்டார்.

கன்னியம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? அந்த மாசம் பூரா மோட்டாரு எரிஞ்சி போயி டேங்கர் லாரி தண்ணிதானே புடிச்சிக்கினு இருந்தோம்? கொழாயில காத்துதான் வந்துச்சி."

தண்ணீரே வராத மாதத்தில் பன்னிரண்டு மாதிரிகள் எடுத்ததாக எங்கள் கட்டுரை சொல்லியது. பன்னிரண்டிலும் காரீயம் கிட்டத்தட்ட இல்லை.

மோட்டார் சரியானபின் எஸ்தர் தானே தண்ணீர் பிடித்துவந்து அளந்தார். வடிகட்டிக்கு முன்னால் இருந்த காரீயம் பின்னாலும் இருந்தது. காலனித் தண்ணீரின் உப்பு அந்தச் சாம்பலை வேலை செய்ய விடவில்லை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தோற்றதைத் தோற்றது என்று எழுதியிருந்தால் அதுவும் அறிவியல்தான். அளவுகளோடு அவர் துறைத் தலைவரின் அறைக்குப் போனார். நானும் ஓர் ஓரமாக நின்றேன்.

"ஒரு டேபிளுக்காக இவ்ளோ பெரிய வொர்க்கை வேஸ்ட் பண்ணச் சொல்றீங்களா மேடம்?" என்றார் அவர். "காலேஜ் தரவரிசைக்கு இதைக் காட்டியாச்சு. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

வகுப்பில் சுத்தமான எழுத்துத் தமிழில் பேசுகிற எஸ்தருக்கு, வகுப்புக்கு வெளியே ஊர்ப் பேச்சுதான்; கோபம் வந்தால் அது இன்னும் அழுத்தமாக வரும். "எங்கப்பா காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, தகடு வெட்டுற பிரஸ் ஷாப்ல வேலை செஞ்சவரு சார். ஒரு வாஷரு அளவு தப்பினா ஸ்கிராப்ல போட்டுடுவாங்க. நாம டாக்டர் பட்டம் வாங்கிக்கினு, தப்பான அளவ அச்சுல போட்டுக்கினு கீறோம்."

கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டு இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் கையெழுத்துப் போடும்படி என்னைக் கேட்டார். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது துறைத் தலைவரின் மேசையில் இருந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

"பயமா கீதுன்னு சொல்லுங்க சார், நம்புறேன்," என்றார். "யோசிக்கிறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் தனியாக அனுப்பினார். மற்ற மூவரும் கட்டுரை சரி என்று சொல்வதால், ஒருவரின் புகாரை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது என்று இதழிலிருந்து பதில் வந்தது. அந்த மூவரில் ஒருவன் நான். கட்டுரை சரிதானே என்று கேட்டுத் துறைத் தலைவர் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு 'சரி' என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருந்தேன். அதன்பின், தன் பெயரையாவது எடுத்துவிடும்படி எஸ்தர் இதழுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். உலோகத்தை அளக்கும் கருவி இருந்த அறையின் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அவரிடம் இருந்த இரண்டு ஆய்வு மாணவிகளை வேறு வழிகாட்டிகளுக்கு மாற்றினார்கள். முதலாண்டு மாணவர்களின் செய்முறை வகுப்புகள் மட்டும் கொடுத்தார்கள். துறைத் தலைவர் கல்லூரி முதல்வர் ஆனார். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

போன ஆண்டு எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சியின் எதிர்காலம் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. தலைப்பைக் கொடுத்தால் கட்டுரையையும் வரைபடத்தையும் கணினியே எழுதித் தந்துவிடும் என்று பேச வந்தவர் திரையில் செய்து காட்டினார். அரங்கம் கைதட்டியது. இனி ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை ஒரு விஷயமே இல்லை என்றார். பின்வரிசையிலிருந்து எஸ்தர் எழுந்தார். "எழுதறதுக்கு மெஷின் வந்துடுச்சி, சந்தோஷம். தண்ணி மொண்டுகினு வர்றதுக்கு யாரு போவாங்க?" சிரிப்பொலி எழுந்தது. வந்தவர் அடுத்த கேள்விக்குப் போனார். நம் நாட்டின் ஆராய்ச்சி எங்கே போகிறது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். எஸ்தரின் கேள்விக்கு இன்றுவரை எங்கள் கல்லூரியில் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டம் வைத்தார்கள். முதல்வர் பேசினார். குரல் தழுதழுத்தது, நடிப்பு என்று சொல்ல மாட்டேன். எஸ்தர் ராணியின் வாழ்நாள் சாதனை என்று அவர் குறிப்பிட்டது அந்த வடிகட்டிக் கட்டுரையை. அவர் பெயரில் ஆண்டுதோறும் சிறந்த கட்டுரைக்கு விருது என்றும் அறிவித்தார். எந்தக் கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி அந்தப் பெண் மூன்று ஆண்டுகள் கடிதம் எழுதினாரோ, அதையே அவர் படத்துக்கு மாலையாகப் போட்டார்கள்.

நான் எழுந்தேன். "அந்தக் கட்டுரை பொய். எஸ்தர் மேடம் அதைத் திரும்பப் பெறச் சொன்னாங்க. நான்தான் கையெழுத்துப் போடலை," என்றேன். யாரோ என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "உணர்ச்சிவசப்படாதீங்க சார்," என்றது மைக். இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். அந்தக் கல்லூரிக்கு மௌனம் நன்றாகவே வரும்.

கூட்டம் முடிந்ததும் இதழுக்கு என் கடிதத்தை அனுப்பினேன். என் கையெழுத்தோடு. பிறகு காலனிக்கு நடந்தேன். டிரம் அங்கேயே இருந்தது. கன்னியம்மாவிடம் எஸ்தர் இறந்ததைச் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, இந்த ஃபில்டர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், இது வேலை செய்யவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அத்த அந்தம்மா தண்ணிய அளந்து பாத்த மறுநாளே ஊடு ஊடா வந்து சொல்லிட்டாங்களே. நாங்க கேன் தண்ணி வாங்கிக் குடிச்சிக்கினு கீறோம். மூணு வருசமாச்சி. நீ இன்னா சார் இப்ப வந்து சொல்ற?"



இதழுக்குக் கடிதம் அனுப்பும் முன்பே எஸ்தர் வீடு வீடாகப் போயிருக்கிறார். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் அதைப் படிப்பவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். என்னிடம் அதைப் பெருமையாகக்கூடச் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: யாரிடம் முதலில் சொல்வது என்பது. அதற்காகக் காலனியின் போர்வெல் தண்ணீரைச் சனிக்கிழமைதோறும் நான் பிடித்துவரப் போகிறேன். கருவி அறையின் சாவியை இன்று காலை எழுத்தில் கேட்டேன், இல்லை என்றார்கள். நாளையும் கேட்பேன்.