பின்வாசலும் அரை மீட்டர் சுவரும்

திறப்பு விழா அழைப்பிதழின் உள்பக்கத்தில் அவளைப் பற்றி இப்படி அச்சிட்டிருந்தார்கள்: "உயரங்களுக்கு அஞ்சாத, தடைகளை மதியாத இளம் படைப்பாளி. கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி." இதில் இரண்டாவது வாக்கியம் மட்டும் உண்மை.

உயரம் என்று வந்துவிட்டால் அவளுக்கு ஸ்டூல்கூட உயரம்தான். லிஃப்ட் நடுவில் நின்றுவிடும் என்ற பயத்தில் ஸ்டூடியோவுக்கு ஐந்து மாடி படியேறுவாள். படியில் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் சுவரை உரசிக்கொண்டே ஏறுவாள். நான்கு வருஷத்தில் அவளுடைய இடது தோள் பட்டே அந்தச் சுவரில் ஒரு கோடு விழுந்திருந்தது. தடைகளைப் பொறுத்தவரை, மூடிய கதவு ஒன்றைத் தட்டுவதற்குள் மூன்று தடவை திரும்பிப் போய்விட்டு வருகிறவள் அவள்.

கூடப் படித்தவர்கள் அவளைப் 'பின்வாசல்' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் இருந்தது. முதல் வருஷம் எல்லாருக்கும் ஒரு வாசிப்பறை வடிவமைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கூரையைத் திருகினார்கள், தூணைச் சாய்த்தார்கள். இவள் பத்துப் பேர் உட்காரும் அறைக்கு நாலு வாசல் வைத்தாள். தீப்பிடித்தால் ஓட வேண்டாமா? மதிப்பீட்டுக்கு வந்திருந்த ஜூரி தாடையைத் தடவிக்கொண்டு, "உலகை நாலு திசையிலும் வரவேற்கும் அறை" என்றது. மூன்றாம் வருஷம் அவள் வரைந்த பேருந்து நிழற்குடைக்குப் பின்சுவரே இல்லை. பின்னால் யாராவது ஒளிந்திருப்பார்கள் என்று பயம். "ஒளிவுமறைவற்ற நேர்மை" என்றார் அவளுடைய பேராசிரியர். மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாராட்டை மறுக்கவும் தைரியம் வேண்டியிருக்கிறதே.

வேலை செய்யும் விதம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டு வந்தது. ஆரம்பத்தில் வெள்ளைத்தாளை விரித்துவிட்டுப் பென்சிலையே சீவிக்கொண்டிருப்பாள். பிறகு வாசலிலிருந்து வரையத் தொடங்கினாள்; வெளியே போக வழி இருக்கிறதென்றால் உள்ளே போவதில் அவ்வளவு சிரமமில்லை. நான்காம் வருஷம் தாளையே ஓரங்கட்டிவிட்டு அட்டைக்கு வந்தாள். முதலில் மாடல். அதற்குள் விரல்நுனி அளவு அட்டை மனிதர்களை நிறுத்துவாள். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஆளுக்கு இங்கே பயமாக இருக்குமா என்று பார்ப்பாள். இருக்கும் என்று தோன்றினால் சுவரை உயர்த்துவாள். பயம் போனதும் மாடலை அளந்து வரைபடம் போடுவாள். "மத்தவங்களும் இவகிட்டக் கத்துக்குங்க" என்றார் பேராசிரியர்.

அப்படி உருவானதுதான் குழந்தைகள் மருத்துவமனைக்கான காத்திருப்புக் கூடம். கீழே ஒரு விசாலமான தரை, மேலே அதைச் சுற்றி ஒரு மாடம். குழந்தைகள் மாடத்தில் நின்று கீழே வேடிக்கை பார்க்கலாம். ஸ்டூடியோப் பயிற்சியாகச் செய்ததை மருத்துவமனையின் தலைமை டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதையே கட்டிடலாமே" என்றார். கட்டியும் விட்டார்கள்.

கட்டும்போது மேஸ்திரி ஒருமுறை போன் செய்தார்.

"பாப்பா, மேல ஓரத்துல வர்ற சுவரு, படத்துல போட்ட அளவு சரிதானா? உக்கார்றதுக்கா அது?"

எதற்குக் கேட்கிறார் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். பேராசிரியரே பாராட்டிய படத்தில் மேஸ்திரி தப்புக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம்.

"படத்துல இருக்கிறபடியே போட்டுடுங்க அண்ணே" என்று வைத்துவிட்டாள்.

கட்டடத்தைப் பார்க்க நாலு தடவை போனாள். நாலு தடவையும் தரையில் நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். மேலே ஏற வேண்டுமே. சரிபார்க்க வந்த பொறியாளரோ கட்டடம் விழுமா என்று பார்த்தார். கட்டடத்திலிருந்து மனிதர்கள் விழுவார்களா என்ற கேள்வி அவருடைய படிவத்தில் இல்லை.

விழாவுக்கு முதல்நாள் மதியம், காட்சிக்கு வைப்பதற்காக மாடலை வீட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா தையற்காரி. கழுத்தில் டேப் தொங்க, மகளின் புதுச் சட்டைக்குப் பட்டன் வைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இவங்கல்லாம்? ஒவ்வொரு படியும் முழங்கால் கிட்ட வருது. இந்தப் பொம்பள மேல போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளைக்கு ஜுரமே விட்டுடும்."

"மாடல்மா. அப்படித்தான் தெரியும்."

"எனக்கா தெரியாது? நான் ஆள அளந்துட்டுத் துணி வெட்டுறவ. ஒண்ணு படி பெருசு, இல்ல ஆளு சின்னது."

அவள் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்கேலை எடுத்து அட்டைப் பெண்மணியை அளந்தாள். பதினேழு மில்லிமீட்டர்.

ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று கட்டிய மாடல் அது. ஆட்களோ படிப்பு முடித்துப் போன சீனியர் ஒருவர் விட்டுச்சென்ற பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்தவர்கள். ஒரு மீட்டருக்கு ஒரே சென்டிமீட்டர் என்று வெட்டப்பட்டவர்கள். பாதி ஆட்கள். அந்தப் பாதி ஆட்களின் இடுப்புக்கு மேல் வரும்படிதான் அவள் மாடத்துச் சுவரைப் பார்த்துப் பார்த்து உயர்த்தியிருந்தாள். ஒரு சென்டிமீட்டர். வரைபடத்தில், அரை மீட்டர்.

அம்மாவின் கழுத்திலிருந்து டேப்பை உருவித் தன் காலில் வைத்துப் பார்த்தாள். ஐம்பது என்ற எண் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. மூன்று வயதுக் குழந்தை அதன்மேல் வயிற்றை வைத்துச் சாய்ந்து கீழே எட்டிப் பார்க்கும். தரை நாலு மீட்டர் கீழே.

பேராசிரியருக்குப் போன் செய்தாள். ஐந்து தடவை எண்ணை அழுத்தி ஐந்து தடவை அழித்த பிறகு.

"இப்பவா சொல்றே?" என்றார் அவர். "சரி, நாளைக்கு விழா நல்லபடியா முடியட்டும். அடுத்த வாரம் ஒரு கம்பி வச்சிடலாம். இப்ப வாயத் திறந்தேன்னா உன் மார்க்கு மட்டும் இல்லம்மா, காலேஜு மானமும் சேர்ந்து போகும். புரியுதா?"

"புரியுது சார்" என்றாள். அவளுக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும், பயத்தில்.

மறுநாள் காலை விழா. பத்து மணிக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் இருபது முப்பது குழந்தைகள். பலூன்கள். டாக்டரம்மா நாடாவை வெட்டினார். கைதட்டல் ஓயவில்லை, அதற்குள் குழந்தைகள் மாடிப்படியைப் பார்த்துவிட்டார்கள்.

அவர்களுக்கு முன்னால் ஓடியது அவள்தான். முதல் படியில் ஏறித் திரும்பி இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"நகருக்கா, மேல போணும்" என்றது ஒரு வாண்டு.

"முடியாது."

பேராசிரியர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்தபடி, "நகரும்மா, எல்லாரும் பார்க்கறாங்க" என்றார்.

"தெரியும் சார். அதான் கால் உதறுது."

"என்ன விஷயம்?" என்றார் டாக்டரம்மா.

"மேல சுவர் முழங்கால் உயரம்தான் இருக்கு மேடம். அளவு தப்பு. நான்தான் தப்பாப் போட்டேன். பிள்ளைங்க விழுந்துடும்." குரல் எலியின் குரலாக வந்தது, ஆனால் வந்தது.

கூட்டத்தின் கடைசியிலிருந்து மேஸ்திரி, "நான் அப்பவே கேட்டேன்" என்றார். கேட்டவர் பிறகு ஏன் கட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. "படிச்சவங்க சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன்" என்று அவராகவே சொன்னார். டாக்டரம்மா அவளைத் தாண்டி மேலே போய்ப் பார்த்தார். இறங்கி வந்தபோது முகத்தில் விழாவின் களை இல்லை. "பலகை வச்சு அடைங்க, இப்பவே" என்று மட்டும் சொன்னார். மேஸ்திரி ஆளும் பலகையும் கொண்டுவரப் போனார். பேராசிரியர் தன் காரைத் தேடிப் போனார்.

அந்த செமஸ்டர் ஸ்டூடியோவில் அவளுக்குப் போட்ட மதிப்பெண் தேர்ச்சிக்கு மூன்று குறைவு. அழைப்பிதழை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். மகளைப் பற்றி யாராவது கேட்டால் 'உயரங்களுக்கு அஞ்சாத' என்ற வரியைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

அன்று காலை பத்தேகாலிலிருந்து, மாடத்துச் சுவரின் மேல் கடைசிப் பலகை அடித்து முடிந்த மதியம் ஒன்றரை மணி வரை, அவள் அந்தப் படியின் அடியில் நின்று ஒரு குழந்தையையும் மேலே விடவில்லை.