சாப்பாட்டு மேசையில் சன்னங்கள்

இந்த நாட்டில், இத்தாலியில், துவக்குச் சன்னங்களைச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறார்கள். பாண் கூடைக்கும் மண்டரின் பழத் தட்டுக்கும் நடுவில் பழைய பத்திரிகையை விரித்து, செம்பு நிறத்தில் மினுங்கும் சின்னச் சின்னத் தலைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். "மேசையைத் துடை, ஆனால் அவருடைய சாமானைக் கலந்துவிடாதே" என்று வீட்டுக்கார அம்மா, சின்யோரா, சொன்ன அந்த முதல் நாள், ஈரத்துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். நான் வேலை செய்யப் பஞ்சியில் நிற்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "கடிக்காது, துடை" என்றார்.

அந்த வீடு பலெர்மோவின் விளிம்பில், சியாகுல்லியில், மண்டரின் தோட்டத்துக்குள் இருக்கிறது. கால்சாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். என் புருஷன், இவர், வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். எங்கள் மூன்று வயது மகள் ஜெனியைப் பார்க்க ஆளில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொன்ன ஒரே வீடு இதுதான். பெர்மெஸோ, அதுதான் இங்கே தங்குவதற்கான அனுமதி, அதைப் புதுப்பிக்கவும் இந்த வேலையைத்தான் காட்டவேண்டும். பயமாக இருக்கிறது என்று சொல்லி விலக எனக்கு வழியில்லை. சன்னங்களைச் சுற்றித் துடைக்கப் பழகிக்கொண்டேன்.

சின்யோராவின் கணவர், சின்யோரே, ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர். தோட்டத்துக் கோழிகளை நரி தூக்குவதால், அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கிறார். கடை ரவைகளில் அவருக்கு நம்பிக்கையில்லை. வெற்றுக் கோது, வெடிமருந்து, சன்னம் எல்லாம் தனித்தனியே வாங்கி, சின்னத் தராசில் நிறுத்துத் தானே பூட்டுவார். ஷிரோக்கோ என்கிற சூட்டுக் காற்று எழும்பும் நாட்களில் அவருக்கு வேறு கதையே இல்லை. கனமான சன்னத்தைக் காற்றால் எளிதில் தள்ள முடியாது; இலகுவானதை, தூரம் கூடினால், கடதாசி போலக் கொண்டுபோய்விடும். அப்படியென்றால் காற்றுக்குக் கனமானதுதானே நல்லது? இல்லையாம். தோட்டத்துக்குள் நரி கிட்டத்தான் வரும். இலகுவானது அவ்வளவு விரைவாகப் போவதால் காற்றுக்கு அதைப் பிடிக்க நேரமிராது. அதைவிட முக்கியம், நரிக்குப் படாமல் மண்ணில் பட்டால் இலகுவானது அங்கேயே சிதறிப்போகும். கனமானது கல்லில் தெறித்துப் பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறிக்கிறவனுக்குப் படலாம்.

என்னைத் திடுக்கிட வைத்தது இந்தக் கடைசிக் கதைதான். குறி தப்பிய சன்னம் எங்கே போகும் என்று ஒரு மனிதர் இருந்து யோசிக்கிறார்! இலங்கையில், மன்னாரில், சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டுக் கூரையைத் துளைத்தவையெல்லாம் குறி தப்பியவைதான். அவற்றைப்பற்றி யாரும் யோசித்ததாக நான் கேள்விப்படவில்லை.

"உங்கள் ஊரில் நரி இல்லையா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இருக்கு, சின்யோரே."

"காற்று நாளில் என்ன சன்னம் போடுவீர்கள்?"

"சுடமாட்டோம். தகரம் தட்டுவோம்."

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சின்யோராவைக் கூப்பிட்டு, கரண்டியால் சட்டியைத் தட்டிக் காட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். துவக்கு வைத்திருந்தவர்கள் நரியைச் சுடவில்லை என்பதைச் சொல்ல எனக்கு இத்தாலியன் காணாது.

ஊரில் விடிந்ததும் முற்றம் கூட்டுவது குப்பைக்காக மட்டுமில்லை. இரவில் சண்டை நடந்தால் வேலியோரம் வெற்று ரவைக் கோதுகள் கிடக்கும். ஆமி சுற்றிவளைக்க முதல் அவற்றைப் பொறுக்கிக் கிணற்றிலோ கக்கூஸ் குழியிலோ போட்டுவிட வேண்டும். முன்வீட்டு ரெஜி அண்ணா ஒரு கோதில் துளைபோட்டுத் சைக்கிள் பூட்டின் திறப்புக் கோர்வையில் மாட்டியிருந்தார், வடிவாக இருக்கிறதென்று. ஆமிச் சென்றியில் மறித்துப் பொக்கற்றைத் தட்டிப் பார்த்தார்கள். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது.

இங்கேயும் ஆமி நிற்கிறது. நீதிபதிகளின் வீட்டு வாசல்களிலும் சந்திகளிலும் துவக்கோடு பொடியள் நிற்கிறார்கள். பஸ்ஸில் அவர்களைக் கடக்கும்போது ஜெனியின் முகத்தை என் தோளில் அமத்திக்கொள்வேன். "அவங்கள் எங்களுக்கு இல்லையப்பா, மாஃபியாவுக்கு" என்று இவர் சொல்வார். எனக்கும் தெரியும். ஆனால் தெரிகிறது வேறு, நெஞ்சு இடிக்கிறது வேறு.

தை மாதத்தில் ஒரு ஷிரோக்கோ நாள். வானம் மண்நிறமாகி, எங்கள் சோளகக் காற்றைப் போல வாயெல்லாம் மணல் கடித்தது. சின்யோரே இலகு சன்னப் பெட்டியை மேசையில் திறந்தபடி விட்டுவிட்டு, மண்டரின் கிளையில் நூல் கட்டிக் காற்றுப் பார்க்கப் போயிருந்தார். சின்யோரா மாடியில். மேசைக்கடியில் ஜெனி பொம்மைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். ஒழுங்கைக்குள் வாகனச் சத்தம். யன்னலால் எட்டிப் பார்த்தேன். பச்சை ஜீப். இரண்டு ஆமிக்காரர் இறங்கிப் படலையைத் திறக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. பெட்டியைத் தூக்கினேன், பின்கதவால் ஓடினேன், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பெரிய சீமெந்துத் தொட்டிக்குள் அப்படியே கவிழ்த்தேன். மழை பெய்தது போல ஒரு சின்னச் சத்தம். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தால், அவர்கள் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள். ஜெனி அவர்களுக்கு முன்னால் பொம்மையோடு நிற்கிறாள்.

"அக்குவா, சின்யோரா, பெர் ஃபவோரே" என்றான் ஒருவன். குடிக்கத் தண்ணீர். இருபது வயதிருக்காது. தட்டில் வைத்துக் கிளாஸை நீட்டினேன். மற்றவன் குந்தியிருந்து பொம்மையின் பெயரைக் கேட்டான். "லூசியா!" என்று சொல்லிவிட்டு ஜெனி அதன் வாயை அவனிடம் நீட்டினாள். அவனும் சோறு தீத்தினான். குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சின்யோரே வந்து வெறும் மேசையைப் பார்த்தார். நான் தொட்டியைக் காட்டினேன். அவர் விளிம்பில் கையூன்றி, கலங்கிய தண்ணீரை எட்டிப் பார்த்தார். "ஏன்?" என்று கேட்டார்.

"சோல்தாத்தி" என்றேன், ஆமிக்காரர் என்று. "வீட்டில் சன்னம். பிள்ளை."

"அவர்கள் எங்களைப் பாதுகாக்க வந்தவர்கள், மகளே."

ஊரில் எங்களிடமும் ஆமி அப்படித்தான் சொன்னது.

சின்யோரா மாடிப்படியில் நின்று கத்தினார்: "இனி நீங்களும் அவளோடு போய்த் தகரம் தட்டுங்கள்!" அலுமாரியில் கனமான சன்னங்கள் இருந்தன. சின்யோரே அவற்றைக் கையில் எடுத்து, தோட்டத்துக்கு அப்பால் பழம் பறிப்பவர்களின் ஏணிகளைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டுத் துவக்கையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"விசரே உனக்கு? வேலை போனால் பெர்மெஸோவும் போச்சு" என்றார் இவர், அறைக்கு வந்து நான் சொன்னதும்.

"பிள்ளை ஆமிக்காரனுக்கு முன்னால போய் நிக்கிறாள் அப்பா. சிரிக்கிறாள்."

"இஞ்சை பிறந்த பிள்ளை. சிரிக்கட்டும் விடன்."

"ஊருக்குத் திரும்பிப் போனால்? அங்கை சென்றியிலயும் இப்பிடிப் போய் நிண்டால்?"

இவர் ஜெனிக்குப் போர்வையை இழுத்துவிட்டார். பயத்தைச் சொல்லிக்கொடுத்தால் இந்த ஊரில் பிள்ளை கெட்டுப்போவாள், சொல்லிக்கொடுக்காவிட்டால் அந்த ஊரில் செத்துப்போவாள். எது தாயின் கடமை? மாதா கோயிலில் பங்குச் சுவாமியிடம் கேட்டாலும், அவரும் இத்தாலிக்காரர்.

அடுத்த நாள், இனி வேலை இல்லை என்று சொல்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். காற்று அடங்கியிருந்தது. முற்றம் முழுக்கக் கோழி இறகு. சின்யோரா விளக்குமாற்றை என்னிடம் நீட்டினார். பிறகு, "இரவு நரிக்கு விருந்து வைத்ததும் நீ, கூட்டுவதும் நீ. முடித்துவிட்டுச் சின்னதுக்குப் பால் சூடாக்கு" என்றார். வேலை இருக்கிறது என்பதை இவர்கள் இப்படித்தான் சொல்வார்களாக்கும். குனிந்து கூட்டினேன். வேலியோரம் வந்ததும் கண் தானாகக் கோது தேடியது.

அப்போது ஒழுங்கையில் அதே ஜீப். எட்டிப் போய் ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை இழுத்துக்கொண்டு படலைவரை போனாள். "சாவோ! சாவோ!" ஜீப்புக்குள்ளிருந்தும் ஒரு கை ஆடியது. அவளுடைய வலது கை காற்றில் ஆடிக்கொண்டேயிருந்தது. இடது கை என் கைக்குள். நான் இறுக்கிப் பிடித்ததில் அதன் விரல்கள் வெளிறிப்போயிருந்தன.